நீர் வாரும் அகப்பை: ஒரு சிற்றூராட்சியின் கேடயச் சின்னம்

ஒரு கேடயத்தின் மேல் எழுதப்பட்ட சின்னத்தை இலக்கியத் திறனாய்வுக்கு உரிய பொருளாகக் கொள்ளலாமா என்று வாசகருட் சிலர் வினவக்கூடும். கொள்ளலாம் என்பதே நம் கருத்து. பலாஃகா என்னும் அறபு அணியியலில் 'ஈஜாஸ்' என்றொரு குணம் பேசப்படுகிறது. குறைந்த சொல்லில் நிறைந்த பொருளை வைப்பது அது. சுருக்கம் எல்லை கடந்து பொருளையே ஊனப்படுத்திவிட்டால் அதற்கு 'இக்லால்' என்று பெயர், அது குற்றம். பொருளுக்கு வேண்டாத சொல்லை இட்டு நிரப்பினால் 'ஹஷ்வு', அதுவும் குற்றம். சொல்லே இல்லாத கேடயச் சின்னம் இந்த மூன்றின் நடுவேதான் நிற்கிறது. ஓர் ஊர் முழுவதும் தன்னைப் பற்றிச் சொல்ல விரும்புவதை ஒரே ஓர் உருவத்தில், இரண்டே நிறத்தில் சொல்லிவிட வேண்டும். இதைவிடக் கடுமையான யாப்பு கவிதையிலும் அரிது.

நாம் எடுத்துக்கொள்ளும் சின்னம் நார்வே நாட்டின் உள்நாட்டு மலைப் பகுதியிலுள்ள லோம் என்னும் சிற்றூராட்சிக்கு உரியது. பரப்பு 2,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு; மக்களோ இரண்டாயிரத்துச் சில நூற்றுவர்தாம். நம் நாட்டுக் கணக்கில் இது ஒரு நடுத்தர ஊரின் ஒரு பகுதிக்கும் காணாது. ஆயினும் பெருமை கொள்வதற்குரிய பொருள்கள் அவ்வூருக்குக் குறைவில்லை. வட ஐரோப்பாவிலேயே உயர்ந்த சிகரமான கால்ஹோபிகென், 2,469 மீட்டர், அவ்வூராட்சியின் எல்லைக்குள் நிற்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் முழுதும் மரத்தால் எழுப்பப்பட்ட தேவாலயம் ஒன்று இன்றும் அங்கே வழிபாட்டில் உள்ளது. அதைக் காணப் பல நாட்டவரும் வருகின்றனர். 1920-இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியர் க்னூட் ஹாம்சுன் 1859-இல் பிறந்ததும் அம்மண்ணில்தான்.

சிகரம், ஆலயம், எழுதுகோல் ஆகிய மூன்றும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன. 1987-இல் தனக்கொரு சின்னம் வகுத்துக்கொண்டபோது லோம் ஊராட்சி இம்மூன்றையும் விட்டுவிட்டு, நீல நிறப் பரப்பின் மேல் வெள்ளி நிறத்தில் மூன்று அகப்பைகளைப் பொறித்துக்கொண்டது. சமையற்கட்டு அகப்பையன்று, வாய்க்காலில் ஓடும் நீரை வாரி வயலின் மேல் வீசியெறிவதற்கென்று மரத்தாற் செய்த, நீண்ட காம்புடைய அகப்பை.

பனியும் பனியாறுகளும் சூழ்ந்த நார்வேயில் நீர் இறைக்கும் கருவிக்கு என்ன வேலை என்று தோன்றுவது இயல்பு. அந்நாட்டின் மேற்குக் கரையிலுள்ள பெர்கன் நகரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அங்கேயும் அதன் பின்னுள்ள மலைகளிலும் தன் சுமையை இறக்கிவிட்டு, வெறுங்கையோடு கிழக்கே லோம் பள்ளத்தாக்கை அடைகிறது. அதனால் இங்கே ஆண்டு மழை ஏறத்தாழ 300 மில்லிமீட்டர்தான். வரண்ட கரிசற் சீமையென்று நாம் சொல்லும் இடங்களிற்கூட இதனினும் மிகுதியாகப் பெய்யும். தலைக்கு மேலே மலையில் உறைந்த நீர் மிகுதி. காலுக்குக் கீழே வயலில் ஈரமில்லை. இந்த முரண்பாட்டைத் தீர்க்கப் பல தலைமுறைக்கு முன்பே அவ்வூரார் மலைச்சரிவுகளில் வாய்க்கால் வெட்டினர். வாய்க்கால் வெட்ட முடியாத பாறைகளில் மரத்தைக் குடைந்து தொட்டிபோல் நீளத்திற்கு வைத்து நீரைக் கீழே கொணர்ந்தனர். வந்த நீரை வயலோரத்தில் தேக்கி, இந்த அகப்பையால் வாரி வாரி, பயிரின் மேல் மழைபோலச் சிதறும்படி வீசினர்.

நம் பக்கத்து இறைகூடையை அறிந்தவர்களுக்கு இதன் உழைப்பு விளங்கும். இறைகூடைக்கு இருவர் வேண்டும், கயிறு வேண்டும், இருவருடைய அசைவும் ஒத்துவர வேண்டும். அந்த அகப்பைக்கு ஒருவர் போதும். ஆனால் அந்த ஒருவரின் தோளும் இடுப்பும் அந்தி வரை அதே அசைவைச் செய்துகொண்டிருக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் குழாயும் நீர் தெளிக்கும் பொறியும் வந்தபின் அகப்பைகள் வயலை விட்டு அகன்றன. சின்னம் வகுக்கப்பட்ட காலத்தில் அது பழம்பொருளாகவே இருந்தது.

இனிச் சின்னத்தின் அமைப்பைக் காண்போம். நார்வே ஊராட்சிச் சின்னங்களுக்கு உரிய இலக்கணத்தை வகுத்தவர்களுள் முதன்மையானவர் ஹால்வார் ட்ரெட்டெபெர்க் (1898–1987). அந்நாட்டு அரசு ஆவணக் காப்பகத்தின் வழியாகப் பல்லாண்டு இக்கலைக்கு அறிவுரை கூறி வந்தவர். இடைக்காலத்துக் கேடயங்களின் எளிமைக்கு மீள வேண்டும் என்பது அவர் கொள்கை. பொன் அல்லது வெள்ளி ஒன்று. சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு ஆகியவற்றுள் ஒன்று. ஆக இரண்டே நிறம். உருவமும் ஒரே வகை. வேண்டுமானால் அதையே இரண்டு மூன்று முறை வைக்கலாம். எழுத்துக் கூடாது, நிழற்கோடு கூடாது, இயற்கைக் காட்சி கூடாது. நாட்டில் வேறெந்த ஊராட்சியும் கொண்டிராத உருவமாகவும் இருக்க வேண்டும். ஊராட்சி தேர்ந்த சின்னத்தை அரசர் தம் அமைச்சரவையில் ஒப்புதல் செய்வது அக்காலத்து வழக்கம். இக்கட்டுப்பாடுகளால் நார்வேயின் சிற்றூர்ச் சின்னங்கள் பிற ஐரோப்பிய நாடுகளின் நெரிசலான கேடயங்களிலிருந்து வேறுபட்டுத் தெளிவாக விளங்குகின்றன. கவுத்தோகைனோ என்னும் வடகோடி ஊராட்சி, அங்குள்ள சாமி இனத்தாரின் கூடாரத்தை நீலத்தின் மேற் பொன்னாக வைத்திருப்பதைக் கண்டவர் எவரும் மறக்கார்.

லோம் கேடயத்தின் நீலம் நீரென்பதும், வெள்ளி அந்நீரின் ஒளியென்பதும் எளிதிற் புலனாகும். இடையில் ஒரு சொல்லாராய்ச்சி: கேடயக் கலையில் நீலத்திற்கு ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் வழங்கும் 'அஸூர்' என்னும் சொல், 'லாஸவர்த்' என்னும் அறபு-பாரசீகச் சொல்லின் திரிபு. பதக்ஷான் மலைகளிலிருந்து வந்த நீலக்கல்லின் பெயர் அது. முதலெழுத்தான 'ல' தங்கள் மொழியின் சுட்டுச்சொல் என்று மயங்கி அதை உதிர்த்துவிட்டனர். நார்வேயர் தங்கள் மொழியின் சாதாரணச் சொல்லையே ஆள்கின்றனர். அவர்களுக்கு இந்த வழக்கில் நம்மிடம் கடனில்லை.

அகப்பை ஏன் மூன்று? எண்ணைக் கண்டவுடன் உட்பொருள் தேடுவோர் எங்கும் உளர். கேடயம் மேலே அகன்று கீழே ஒடுங்கும் வடிவினது. ஒல்லியான ஓர் உருவம் அதில் தனித்து நின்றால் இருபுறமும் வெறுமை தெரியும். மூன்று நின்றால் பரப்பு நிறையும். கைவினைக்காரரின் இந்த விடையே நமக்குப் போதும். மூன்றும் ஒரே அளவாய், ஒன்றுக்கொன்று தாழாமல் நிற்கின்றன என்பதை மட்டும் மனத்திற் கொள்வோம், பின்னர்ப் பயன்படும்.

நீர் வளத்தைச் சொல்ல வந்தவர்கள் நீரை வரையவில்லை. நீரைக் கையாளும் கருவியை வரைந்தனர். தமிழ் இலக்கணத்தில் இது கருவியாகுபெயரின் பாற்படும். அறபு அணியியலார் 'மஜாஸ் முர்ஸல்' என்னும் பிரிவில், கருவியைச் சொல்லி அதன் செயலைக் குறிப்பதை 'ஆலிய்யா' என்பர். இங்கே அவ்வணி செம்மையாய் அமைந்துள்ளது. நீரை வரைந்திருந்தால் இயற்கை தந்த கொடையைப் புகழ்ந்ததாகும்; சிகரத்தை வரைந்திருந்தாலும் அதுவே. அகப்பையை வரைந்ததால், இயற்கை தராமல் விட்டதை மனிதன் எவ்வாறு ஈடுசெய்தான் என்பது பேசப்படுகிறது. வறட்சி என்னும் குறையைத் தன் அடையாளமாக வெளிப்படச் சொல்லும் துணிவு பல பெருநகரங்களின் கேடயங்களில் இல்லை.

ஆயினும் ஒரு குற்றச்சாட்டை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். அகப்பையை அறியாதவன் இக்கேடயத்தைக் கண்டால் என்ன நினைப்பான்? துடுப்பென்று நினைக்கலாம், அடுப்பில் ரொட்டி தள்ளும் பலகையென்று நினைக்கலாம். கேடயத்தின் முதற்பயன் தொலைவிலிருந்து அறியப்படுவது. அறியப்படாத கருவியை வைப்பது இக்லால் ஆகாதா? ஆகும் என்பதற்குப் பாதி நியாயம் உண்டு. வரைந்தவர்கள் அகப்பையின் வாய்க்குழிவை இன்னும் சற்று அழுத்திக் காட்டியிருக்கலாம் என்பது நம் எண்ணம். எனினும் சிங்கத்தைக் கண்டவுடன் அறிகிறோமே, நார்வேயில் எந்தச் சிங்கம் உலவிற்று? அந்நாட்டு அரசச் சின்னத்திலேயே சிங்கம் கோடரி ஏந்தி நிற்கிறது. அறிமுகம் என்பது உருவத்தில் மட்டும் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. துடுப்போ என்று ஐயுற்றவன் ஊரானிடம் கேட்டால், விடையாக அவனுக்கு ஒரு வரலாறு கிடைக்கும். சிங்கத்தைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

இச்சின்னத்தின் தகுதியை உணர அதே ஆற்றின் கீழ்ப்புறம் உள்ள செல் ஊராட்சியின் கேடயத்தை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். லோமைக் கடந்து வரும் ஒத்தா ஆறு செல் எல்லைக்குட் சென்று பேராற்றிற் கலக்கிறது. செல் கேடயத்தில் ஒரு பெண் கொம்பு ஊதி நிற்கிறாள். பில்லர்கூரி என்பது அவள் பெயர். 1612-இல் ஸ்வீடனுக்குக் கூலிப்படையாகச் சென்ற ஸ்காட்லாந்துக்காரர்களை அப்பள்ளத்தாக்கின் உழவர்கள் கிரிங்கென் என்னுமிடத்தில் மடக்கினர். குன்றின் மேலிருந்து அவள் ஊதிய கொம்பொலியே தாக்குதலுக்குக் குறியாயிற்று என்பது மரபுரை. உருவம் அழகியது; கண்டவுடன் விளங்குவது; கதையும் உடையது. ட்ரெட்டெபெர்க்கின் இலக்கணத்திற்கும் பொருந்துவது.

ஆனால் ஹதீஸ்க் கலையிற் பயின்றவர்கள் எந்தச் செய்திக்கும் அறிவிப்பாளர் தொடரைக் கேட்டே பழகியவர்கள். போர் நடந்தது உண்மை. அதற்கு அக்காலத்து எழுத்துச் சான்று உண்டு. அச்சான்றுகளிற் கொம்பு ஊதிய பெண்ணைக் காணோம். அவள் பிற்காலக் கதைகளிலேயே தோன்றுகிறாள். மாறாக, சான்றுள்ள ஒரு செய்தி கேடயத்தில் இல்லை: சிறைப்பட்ட ஸ்காட்லாந்துக்காரருட் பெரும்பாலோர், படைக்கலம் இழந்த நிலையில், போருக்கு மறுநாள் ஒரு களஞ்சியத்தருகே கொல்லப்பட்டனர். சான்றில்லாத வீரம் சின்னமாயிற்று. சான்றுள்ள கொடுமை மறைந்தது. செல் மக்களைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. வெற்றியைச் சின்னமாக்கும் எவருக்கும் இது நேர்ந்தே தீரும்; ஏனெனில் வெற்றி என்பது இருவர் சேர்ந்த ஒரு நிகழ்ச்சி, கேடயத்தில் ஒருவருக்கே இடமுண்டு.

மற்றவருக்கும் இடம் தந்த கேடயங்கள் உண்டு. அவை இன்னும் கசப்பானவை. 1598-இல் உதுமானியரிடமிருந்து கியோர் கோட்டையைக் கைப்பற்றிய ஷ்வார்ட்ஸென்பெர்க் பிரபுவின் குடும்பச் சின்னத்தில், துருக்கியன் ஒருவனின் தலையைக் காகம் கண்ணிற் கொத்துவதாக 1599-இல் ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. அராகன் நாட்டின் கேடயத்தில் சிலுவையைச் சுற்றி நான்கு மூர்களின் தலைகள் இன்றும் உள்ளன. இவற்றைக் கண்டு நம்மவர் மனம் நோவது இயல்பு. நம் வரலாற்றின் பக்கமும் இதற்கு முற்றும் விலக்கன்று. சுல்தான் பைபர்ஸ் 1273-இல் லுத் நகரருகே கட்டிய பாலத்தின் இருபுறத்திலும் அவருடைய சிங்கங்கள், காலடியில் எலிபோன்ற ஒரு சிறு பிராணியை வைத்து விளையாடுகின்றன. அந்த எலி யாரென்று அக்காலத்தார் அறிந்தேயிருப்பர்.

ஆனால் அதே மம்லூக்கியரிடம் லோம் சின்னத்தோடு உறவுடைய வேறொரு மரபும் இருந்தது. அவர்கள் தங்கள் சின்னத்தை 'ரன்க்' என்றனர்; நிறம் என்று பொருள்படும் 'ரங்' என்னும் பாரசீகச் சொல் அது. எல்.ஏ. மேயர் 1933-இல் வெளியிட்ட பெருநூல் இச்சின்னங்களைத் தொகுத்து விளக்குகிறது. மம்லூக் என்றால் உடைமையாக்கப்பட்டவன். விலைக்கு வாங்கப்பட்ட சிறுவன் அரண்மனையில் ஒரு பணியிற் சேர்ந்து படிப்படியாக அமீர் ஆவான். அமீரான பின்பு அவன் தேர்ந்துகொண்ட சின்னம் பெரும்பாலும் அவன் செய்த பணியின் கருவியே. பானம் பரிமாறியவனுக்குக் கிண்ணம். எழுத்தாளனுக்கு மைக்கூட்டுப் பேழை. உடை பேணியவனுக்குத் துணி. செண்டு விளையாட்டின் பொறுப்பாளனுக்குச் செண்டுக் கோல்கள். 1285-இல் மறைந்த ஐதகீன் அல்-புந்துக்தார் என்னும் அமீர், சுல்தானின் வில்லைச் சுமந்தவர். அவருடைய அடக்கத்தலத்திற்கென்று செய்த கண்ணாடி விளக்கில் வில்லுருவே பொறிக்கப்பட்டுள்ளது. அவ்விளக்கு இன்று நியூயார்க் பெருநகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடிமையாய் நின்ற காலத்துச் சேவையை, அதிகாரம் வந்த பின் மறைக்காமல் விளக்கில் ஏற்றிவைத்த உள்ளம் அது. பதினைந்தாம் நூற்றாண்டில் அம்மரபு சிதைந்தது. ஒரே வட்டத்திற் கிண்ணமும் பேழையும் துணியும் பிறவுமாகப் பலவற்றை அடைத்தனர்; யாருடைய சேவை எது என்று பிரித்தறிய முடியாமற் போயிற்று. ஹஷ்வு என்று நாம் முன்னே சொன்ன குற்றத்திற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இந்த ஒப்புமையே லோம் கேடயத்தின் மேல் நமக்குள்ள பெரிய ஐயத்தையும் எழுப்புகிறது. ஐதகீன் சுமந்த வில் ஐதகீனின் சின்னமாயிற்று. லோமில் அகப்பை பிடித்த கை யாருடையது?

அப்பள்ளத்தாக்கில் பெரிய பண்ணைகள் இருந்தன. பண்ணையை அண்டிக் குடிசை போட்டு, குடிசைக்கும் சிறு துண்டு நிலத்திற்கும் ஈடாகப் பண்ணையாருக்கு உழைத்துக் கொடுத்த குடிகள் இருந்தனர். 'ஹூஸ்மன்' என்று அவர்களுக்குப் பெயர். பண்ணையாரின் வீட்டாரும் வயலில் இறங்கி உழைத்தனர் என்பது மெய்யே. எனினும் கூலியும் குடியுமாய் நின்றவர்களின் பங்கே பெரிது. நார்வேயில் ஊராட்சி மன்றங்கள் சட்டப்படி ஏற்பட்டது 1837-இல். அப்போது வாக்குரிமை நிலமுடையோருக்கும் அவரையொத்த தகுதியுடையோருக்குமே உரியது. பெரும்பாலான குடிசைவாசிகள் அதற்கு வெளியே நின்றனர். ஆண்களுக்குப் பொதுவாக வாக்குரிமை கிடைத்தது 1898-இல். அதாவது மன்றம் ஏற்பட்டு அறுபதாண்டு வரை, அகப்பை பிடித்தவனுக்கு அம்மன்றத்திற் பேச்சில்லை. பேச்சுக் கிடைக்கும் முன்பே அவர்களிற் பலர் அமெரிக்காவிற்குக் கப்பலேறிவிட்டனர். அதே லோமில் ஏழைக் குடும்பத்திற் பிறந்த தூர் யூன்ஸன் (1916–1951) என்னும் கவிஞர், கூலிக்காரனுக்கும் பண்ணைக்கும் இடையிலுள்ள அந்த இடைவெளியைத் தம் வாழ்நாள் முழுதும் எழுத்தில் வைத்திருந்தார்.

நம் ஃபிக்ஹு நூல்களில் தரிசை உயிர்ப்பித்தல் என்னும் 'இஹ்யாவுல் மவாத்' பாடத்தை ஓதியவர்களுக்கு இவ்விடம் நன்கு விளங்கும். உயிரற்ற நிலத்தை உழைத்து உயிர்ப்பித்தவனுக்கு அதில் உரிமை உண்டாகிறது. அதே பாடத்தில்தான் வாய்க்கால் நீரை மேல்நிலத்தானும் கீழ்நிலத்தானும் எவ்வாறு முறைவைத்துப் பாய்ச்சுவது என்னும் சட்டமும் வருகிறது. உழைப்பும் உரிமையும் பங்கீடும் ஒரே பாடத்தில் அடங்கியுள்ளன. லோம் மண்ணிற் பிறந்த ஹாம்சுன் 1917-இல் வெளியிட்ட 'மண்ணின் வளர்ச்சி' என்னும் நாவலும் காட்டு நிலத்தைத் தனியொருவன் உயிர்ப்பிப்பதையே பேசுகிறது. அதிற் காணும் உழவன் தானே தன் நிலத்திற்கு உடையவன். குடிசைக்காரனின் கதை அதுவன்று. ஹாம்சுன் பின்னாளில் நாஜிகளை ஆதரித்து, 1943-இல் தம் நோபல் பதக்கத்தைக் கோயபல்ஸுக்குக் கொடுத்ததை நினைத்தால், எழுதுகோலைச் சின்னமாக்காமல் விட்டது ஊராட்சியின் நல்வினை என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஆக, கேடயத்தில் உழைப்பு இருக்கிறது, பங்கீடு இருக்கிறதா? வாய்க்காலையும் முறைவைப்பையும் வரைய ஈருருவத் தடை இடங்கொடாது என்று விடை கூறலாம். அகப்பையைச் சின்னமாக்கியது உழைத்தவனுக்குச் செய்த மரியாதையா, அவன் போனபின் அவன் கருவியை எடுத்து அலங்காரமாக மாட்டிக்கொண்டதா என்று கடுமையாகவும் கேட்கலாம். இரண்டாவது வினாவை நாம் எளிதில் தள்ளமாட்டோம். ஆயினும் பண்ணை வீட்டின் முகப்பையோ, பழைய குடும்பத்து முத்திரையையோ வைத்துக்கொள்ள வாய்ப்பிருந்தும், எல்லா வீட்டுக் கைக்கும் பொதுவான ஒன்றைத் தேர்ந்திருக்கின்றனர். அவற்றுள் ஒன்று பெரிதாய் மற்றவை சிறியதாய் இல்லை. பங்கீட்டைச் சொல்வதற்கு அக்கேடயத்தில் இருந்த ஒரே வழி அதுதான், அவ்வழி ஆளப்பட்டிருக்கிறது.

2020-இல் நார்வே அரசு சிற்றூராட்சிகளை இணைத்தபோது அவற்றின் தொகை 422-இலிருந்து 356-ஆகக் குறைந்தது. இணைந்தவற்றின் பழைய கேடயங்கள் பல வழக்கொழிந்தன. சின்னத்திற்கு அரசரின் ஒப்புதலும் இப்போது வேண்டியதில்லை. மன்றமே முடிவு செய்துகொள்ளலாம். புதிய ஊராட்சிகள் சிலவற்றின் சின்னங்களில் வணிக நிறுவனங்களின் முத்திரைச் சாயல் தென்படுகிறது. ஈராண்டுப் பழக்கத்திற்குள் சலிக்கக்கூடிய வளைகோடுகள் அவை. லோம் இணைப்பிற்கு உட்படாமல் தனித்தே நின்றது. மலைப்பாதையில் அவ்வூராட்சியின் எல்லையைக் கடப்போர் இன்றும் சாலையோரப் பலகையில் அந்த மூன்று அகப்பைகளையே காண்கின்றனர்.